நடுக்குவாத வாரமும் இசக்கிப்பாண்டி மாமாவின் கையும்

தென்காசிப் பக்கத்தில் போலீஸ்காரர் பிடரியில் கையை வைத்து அமுக்கிவிட்டு, அவரிடமே கூலியும் வாங்கிக்கொண்டு, தலை நிமிர்ந்து வீட்டுக்குப் போகிறவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். என் தாய்மாமா இசக்கிப்பாண்டி. வயது ஐம்பத்து மூன்று. குற்றாலம் ஐந்தருவியில் எண்ணெய் மசாஜ் போடுகிறார். முப்பது வருஷத்துக்கு மேல் அதுதான் வேலை. ஏட்டையா, தாசில்தார், வக்கீல், கேரளாவிலிருந்து காரில் வருகிற பணக்காரர் என்று அத்தனை பேரும் மாமா பெஞ்சில் குப்புறப் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் ஒரு துண்டோடு எண்ணெய் வழியக் கிடக்கும்போது எல்லாப் பதவியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

எண்ணெயைத் தொடுவதற்கு முன்னால் மாமா ஒரு காரியம் செய்வார். வந்தவர் பிடரியில் வலது உள்ளங்கையை வைத்து, பத்து எண்ணும் நேரம் பேசாமல் நிற்பார். பிறகு சொல்லுவார். "செல்போனத் தோளுல இடுக்கிட்டுப் பேசுதிய. அத விடுங்க." "பஸ்ஸுல எடது பக்கம் தொங்கிட்டே போற ஆளு நீங்க, கண்டக்டரா?" தொண்ணூறு சதவீதம் சரியாக இருக்கும். மிச்சம் பத்து சதவீதம் வந்தவர்கள் பொய் சொல்லியிருப்பார்கள்.

இதைச் சோதித்துப் பார்க்க நான் ஒரு தடவை என் முதலாளி ஹுஸைஃபா அண்ணனை அனுப்பினேன். அவர் துபாயில் நாலு வருஷம் இருந்துவிட்டு வந்து, தென்காசியில் ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை போட்டவர். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பதினொன்றாம் வகுப்போடு ஒத்துவராமல் போனதால், அவர் கடையில் நான் கம்ப்யூட்டரில் டிசைன் செய்கிறேன். "மாமாவுக்கு உங்களைத் தெரியாது. டாக்டர்னு சொல்லுங்க" என்று சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். மாமா பிடரியில் கையை வைத்தார்.

"டாக்டரா? மவுஸு புடிச்ச தோளுல்லா இது. தம்பி, என் மருமவ வேல பாக்குத கடைக்கு மொதலாளியா?"

ஹுஸைஃபா அண்ணன் படுத்தபடியே சிரித்ததில் பெஞ்சை விட்டுக் கீழே விழப் பார்த்தாராம். அன்று சாயங்காலம் மாமா என்னைத் துண்டால் அடிக்க வீடு முழுக்கத் துரத்தினார். தாய்மாமனைக் கேலி செய்ய எங்கள் பக்கம் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நான் அந்த உரிமையைக் கொஞ்சம் கூடுதலாகவே பயன்படுத்தி வந்தேன்.

போன வருஷத்திலிருந்து மாமாவைக் கேலி செய்ய எனக்குப் புதிதாக ஒன்று கிடைத்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருடைய வலது கை தன்பாட்டுக்கு ஆடும். பெருவிரலும் ஆட்காட்டி விரலும் வறுத்த கடலையில் தோல் நீக்குவது போல உரசிக்கொண்டே இருக்கும்.

"மாமா, யாருக்கு மெசேஜ் போடுதிய?"

"ஒங்க அத்தைக்குத்தான். வேற எவ எனக்குப் பதில் போடுதா?"

இப்படிச் சொல்லிவிட்டுக் கையில் ஒரு துண்டை எடுத்துச் சுற்றிக்கொள்வார். வேலை இல்லாத நேரமெல்லாம் அந்தக் கையில் துண்டு இருந்தது. வயசாகுது, கை ஆடுது என்று நினைத்துக்கொண்டேன். எனக்குப் புத்தி அவ்வளவுதான்.

ஜூலை மாதம் கடைக்கு ஒரு அரசாங்க ஆர்டர் வந்தது. விழிப்புணர்வு வாரங்கள்தான் எங்கள் கடைக்குத் தீபாவளி. சாலைப் பாதுகாப்பு வாரம், தாய்ப்பால் வாரம், கண் தான வாரம் என்று வருஷத்தில் இருக்கிற வாரங்களை விட விழிப்புணர்வு வாரங்கள் அதிகம். இந்தத் தடவை நடுக்குவாதம். பார்க்கின்சன் என்று அடியில் போட்டிருந்தது. மூளையில் ஏதோ ஒரு சத்து குறைந்துகொண்டே போய், கை நடுங்கி, நடை சுருங்கி, போகப் போகக் கூடுகிற வியாதி. உலகம் முழுக்க இதை ஏப்ரலில்தான் கொண்டாடுவார்களாம். ஏப்ரலில் குற்றாலத்தில் பாறை மட்டும்தான் இருக்கும். கூட்டம் இருக்கும்போது வைத்தால்தானே நாலு பேர் விழிப்பார்கள் என்று எங்கள் அதிகாரிகள் சாரல் சீசனுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

அவர்கள் வாட்ஸப்பில் அனுப்பிய படத்தில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரத் தாத்தா இருந்தார். "இவரு வேண்டாம். போன தடவ வெள்ளக்காரக் கொழந்தையப் போட்டு வாங்குன ஏச்சே போதும். நம்ம ஊரு மொகமாப் போடு" என்று சொல்லிவிட்டு ஹுஸைஃபா அண்ணன் ஜும்மாவுக்குப் போய்விட்டார்.

நம்ம ஊர் முகம் ஒன்று கம்ப்யூட்டரில் தயாராக இருந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் என் சடங்குக்கு அடித்த ஃபிளெக்ஸில் தாய்மாமன் படம் இல்லாமல் இருக்குமா? பட்டு வேட்டி, இரவல் சங்கிலி, கும்பிட்ட கை, முப்பத்திரண்டு பல்லும் தெரியும் சிரிப்பு. அந்தப் படம் என் பென்டிரைவில் பத்திரமாக இருந்தது. மாமாவை வெட்டி எடுத்து வலது பக்கம் வைத்தேன். இடது பக்கம் பெரிய எழுத்தில், "கை நடுங்குகிறதா? மறைக்காதீர்கள்!" கும்பிட்ட கையைச் சுற்றி இரண்டு வளைவுக் கோடுகளும் போட்டேன். பார்த்தால் கை ஆடுவது போலவே இருந்தது. எனக்கே என் திறமையில் பெருமை தாங்கவில்லை.

ஆபீஸ் கிளார்க் பார்த்துவிட்டு, "முகம் லட்சணமா இருக்கு, ஓகே" என்று பதில் போட்டார். மொத்தம் முப்பத்திரண்டு ஃபிளெக்ஸ். ஒன்றை ஐந்தருவி ரோட்டில், மசாஜ் பெஞ்சுகளுக்கு எதிரே கட்டச் சொல்லி ஆளிடம் தனியாகச் சொல்லியும் விட்டேன்.

மறுநாள் காலையில் மாமா அதைப் பார்க்கும்போது வீடியோ எடுக்கலாம் என்று ரம்புட்டான் பழக்கடைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். மாமா வந்தார். அண்ணாந்து பார்த்தார். பக்கத்து பெஞ்சுக்காரர் மணிமுத்துதான் முதலில் சிரித்தார். ஐந்தருவியில் எந்த பெஞ்சு எங்கே, யாருக்கு எது என்பதெல்லாம் அவர் சொல்லுகிறபடிதான் நடக்கும்.

"என்ன அண்ணாச்சி, எலெக்ஷன்ல நிக்கியளா? எந்தக் கச்சி?"

மாமா சிரிக்கவில்லை. எழுத்துக் கூட்டிக் கூட்டி முழுவதையும் வாசித்தார். வலது கை துண்டுக்குள் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து மதுரையிலிருந்து வந்த ஒருத்தர் மாமா பெஞ்சில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றினார். எதிரே ஃபிளெக்ஸைப் பார்த்தார். திரும்பி மாமாவைப் பார்த்தார். துண்டுக்குள் ஆடிய கையைப் பார்த்தார். பிறகு சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு மணிமுத்துவிடம் போய்ப் படுத்துக்கொண்டார்.

நான் வீடியோவை நிறுத்தினேன்.

மாமா எண்ணெய் பாட்டிலை மூடினார். பஸ் ஏறி வீட்டுக்குப் போய்விட்டார். என்னைத் துரத்தி வருவார் என்று சாயங்காலம் வரை காத்திருந்தேன். வரவில்லை. நானே போனேன். வாசலில் தங்கத்தாய் அத்தை நின்றாள்.

"ஏட்டி, யாரு சொன்னா ஒனக்கு?"

"எத அத்த?"

"சும்மா நடிக்காத. திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குப் போனது ஒங்க அம்மைக்கே தெரியாது. அவிய எங் கையப் புடிச்சிச் சத்தியம் வாங்கியிருக்காவ. ஒனக்கு யாரு சொன்னா?"

அத்தை உள்ளே போய் ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். டப்பாவோடு இருந்த ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருந்ததும் என் ஃபிளெக்ஸில் எழுதியிருந்ததும் ஒரே வியாதி. ஒன்றரை வருஷமாகச் சாப்பிடுகிறார். விடியற்காலை ஐந்தரைக்கு ஒன்று போட்டால் ஆறரைக்குக் கை வசத்துக்கு வரும். ஒரு மாத்திரை நாலு பேருக்கு மசாஜ் போடத் தாங்கும். அந்தக் கணக்கில்தான் மாமா அடுத்த மாத்திரை போடும்வரை டீ குடிக்கப் போவது போல நழுவிக்கொண்டிருந்தார்.

"மொதல்ல மூக்குதான் போச்சு" என்றாள் அத்தை. "எண்ணெயில வாசமே இல்லன்னாவ. நான் என்னத்தக் கண்டேன்? கலப்பட எண்ணெய் குடுத்துட்டான்னு செக்குக்காரன்கிட்ட சண்டைக்குப் போயி, பஜார்ல வச்சு அவன நாறடிச்சிட்டு வந்தேன். எண்ணெய் நல்லாத்தான் இருந்திருக்கு."

மாமா உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை. அன்றைக்கும் கேட்க வரவில்லை.

மூன்று நாள் மாமா ஐந்தருவிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் மணிமுத்து வீட்டுக்கு வந்தார். அத்தை கொடுத்த காபியை வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. கைக்கு இப்படின்னு தெரிஞ்ச பெறவு எவன் வந்து கழுத்தக் குடுப்பான்? ஒங்களச் சொல்லி மத்த பெஞ்சுக்கும் பேரு கெட்டுரும். இந்த சீசன் ரெஸ்ட் எடுங்க. ஞாயித்துக்கெழம வரைக்கும் பெஞ்சு கெடக்கட்டும். அதுக்கு மேல அந்த எடத்தக் கேக்க ஆளு நிக்காவ."

ரெஸ்ட் என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்தருவியில் ஒரு சீசன் காலியாக விட்ட இடம் அடுத்த சீசனில் திரும்பக் கிடைத்ததில்லை. மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்தாலும் அதற்குப் போகிறவர் இல்லை.

மணிமுத்து போன பிறகு நான் பையிலிருந்து கடைக் கட்டரை எடுத்தேன். "மாமா, இப்பமே போயி முப்பத்திரெண்டையும் அறுத்துப் போட்டுட்டு வாரேன். காத்துல கிழிஞ்சிட்டுன்னு சொல்லிக்கலாம்."

மூன்று நாளுக்குப் பிறகு மாமா என்னோடு பேசினார்.

"எதுக்குட்டி அறுக்கணும்? அதுல என்ன பொய்யி எழுதியிருக்கு?"

அவர் சொன்னதைக் கேட்டுக் கட்டரைப் பையில் போட்டேன். அது எனக்கு அடிக்கடி நடப்பதில்லை.

"மறைக்காதீங்கன்னு போட்டிருக்கு. மறச்சது நான்தான? ஒன்றர வருஷமா இந்தக் கைய ஒளிச்சு வைக்கதுக்கு நான் பட்ட பாட்டுல பாதி கூட வேலையில படல. களவாணிப் பய மாதிரி துண்டுக்குள்ள வச்சுக்கிட்டுத் திரியுதேன்." ஆடிக்கொண்டிருந்த கையைத் தூக்கி அதையே பார்த்தார். "ஃபிளெக்ஸுல அடியில கடைசி நாள் கூட்டம்னு ஒண்ணு போட்டிருந்தியே. எங்க, எத்தன மணிக்கு?"

சனிக்கிழமை, குற்றாலத்தில் ஒரு கல்யாண மண்டபம், காலை பத்து மணி.

அன்று காலையில் மாமா வெள்ளைச் சட்டை போட்டார். பட்டன் போட விரல் ஒத்துழைக்கவில்லை. அத்தை அடுப்படியில் இருந்ததால் நான் போட்டுவிட்டேன். வேண்டுமென்றே ஒன்று தள்ளிப் போட்டேன். காலர் ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது. கண்ணாடியில் பார்த்தவர் துண்டைச் சுழற்றி முதுகில் ஒன்று வைத்தார். நன்றாகவே வலித்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மண்டபத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பதாகையோடு உட்காரவைத்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கி வழிந்தார்கள், நடுக்குவாதத்துக்கு விழிப்புணர்வாக. சிறப்பு விருந்தினர்கள் பதினொன்றரைக்கு வந்தார்கள். மேடைக்குப் பின்னால் எங்கள் கடையின் மிகப் பெரிய ஃபிளெக்ஸ். இருபதடி அகலத்தில் மாமா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே நிஜ மாமா மூன்றாவது வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

நரம்பு டாக்டர் ஒரு அம்மா. சின்ன வயது, தெளிவான பேச்சு. "சிலருக்கு நடுக்கம் வருவதற்குப் பல வருஷம் முன்னாலேயே வாசனை தெரியாமல் போய்விடும்" என்று சொன்னதும் அத்தை என் தொடையைக் கிள்ளினாள். "செக்குக்காரன் வீட்டுக்கு நாளைக்கே போணும்ட்டி."

பேச்சின் முடிவில் டாக்டர் கேட்டார். "இந்த நோய் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால் முன்னால் வரலாம். வெட்கப்பட ஒன்றும் இல்லை." ஒருவரும் அசையவில்லை. மாமா எழுந்தார். சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தார். வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டியே போனது. மேடைப்படியில் கொஞ்சம் நின்று, பிறகு ஏறினார். துண்டை அத்தையிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

டாக்டர் அவர் முகத்தைப் பார்த்தார், ஃபிளெக்ஸைப் பார்த்தார். "நீங்கதானா இது! நான் யாரோ மாடல்னு நினைச்சேன்."

"மாடல் இல்ல தாயி, பேஷண்டு" என்றார் மாமா. தூங்கிய பிள்ளைகளெல்லாம் முழித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்த வாரத்தில் நடந்த முதல் உருப்படியான விழிப்பு அதுதான்.

மைக்கைக் கொடுத்தார்கள். மாமாவின் குரல் முன்பைவிடத் தணிந்துவிட்டது. ஆனாலும் மண்டபம் அமைதியாக இருந்ததால் கேட்டது. "எனக்குப் பேச வராது. கை வேலதான் வரும்." மேடையில் இருந்த பெரிய அதிகாரியின் பக்கம் திரும்பினார். "ஐயா, வந்ததுல இருந்து பாக்கேன். யாராவது கூப்பிட்டா கழுத்தத் திருப்பாம ஒடம்போட திரும்புதிய. எத்தன நாளா?"

அதிகாரியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. "பத்து நாளா இருக்கு."

"செத்த நேரம் இங்கன உக்காருங்க."

அதிகாரி சுற்றிலும் பார்த்துவிட்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். மாமா வலது கையை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிக் காட்டினார். அது ஆடியது. ஒன்றரை வருஷமாகத் துண்டுக்குள் ஒளித்துவைத்த கை, முந்நூறு பேர் முன்னால் ஆடியது. மாமா அவசரப்படவே இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று நின்றார். பிறகு அந்தக் கையை அதிகாரியின் பிடரியில் வைத்தார்.

கை நின்றுவிட்டது.

உள்ளங்கையைத் தோளில் ஓட்டி, கழுத்து ஓரத்தில் பெருவிரலால் நீவி இறக்கினார். எண்ணெய் இல்லை, பெஞ்சு இல்லை. மைக் பக்கத்திலேயே இருந்ததால் அதிகாரியின் முனகல் மண்டபம் முழுக்கக் கேட்டது. ஐந்து நிமிஷம் கழித்து அவர் பைய இடது பக்கம் திரும்பிப் பார்த்தார். கழுத்து மட்டும் திரும்பியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். ஆசிரியர் சொல்லித் தட்டிய கைதட்டல் இல்லை அது.

டாக்டர் மைக்கை வாங்கினார். "சும்மா வைத்திருக்கும்போது ஆடி, வேலை செய்யும்போது அடங்குவது இந்த நடுக்கத்தின் குணம். எல்லோருக்கும் இவரைப் போல இருக்காது. இது கூடிக்கொண்டே போகிற நோய் என்பதையும் நான் மறைக்கக் கூடாது."

"எத்தன வருஷத்துல கூடும் தாயி?"

"அதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாதுங்க ஐயா."

"ஒங்களுக்கே தெரியாததுக்கு, நான் எதுக்கு இப்பமே பெஞ்சக் காலி பண்ணணும்?"

அதைக் கேட்டது டாக்டரிடம் இல்லை. வேடிக்கை பார்க்க வந்து பின்வரிசையில் நின்ற மணிமுத்துவைப் பார்த்துத்தான் கேட்டார். பிறகு அவரே தொடர்ந்தார். "ஒண்ணு சொல்லிருதேன். கழுத்துச் சொடக்கு எடுக்கத டாக்டர் சொன்ன அன்னைக்கே விட்டுட்டேன். ஒன்றர வருஷமா ஒருத்தருக்கும் எடுக்கல. அதுக்கு மணிமுத்து இருக்கான். நீவி விடுததுக்கு நான் இருக்கேன். என்னைக்கு இந்தக் கை தொட்டதுக்குப் பெறவும் ஆடுதோ, அன்னைக்கு யாரும் சொல்லாமலே எந்திரிச்சிருவேன். அது எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

இவ்வளவுதான் பேசினார். என் மாமா மேடையில் பேசியதை நான் வீடியோ எடுக்கவில்லை. கையில் போன் இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. இப்போது அதற்காக என்னையே ஏசிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு மாமா ஐந்தருவியில் இருந்தார். நானும் கூடப் போனேன். துண்டு தோளில் கிடந்தது. கை முழங்கால் மேல் எல்லோரும் பார்க்க ஆடிக்கொண்டிருந்தது. முதல் ஒரு மணி நேரம் யாரும் வரவில்லை. இரண்டு பேர் வந்து, பார்த்துவிட்டு, அடுத்த பெஞ்சுக்குப் போனார்கள். மாமா அவர்களை ஒன்றும் நினைக்கவில்லை. "அவன் கழுத்து, அவன் இஷ்டம்" என்றார்.

பிறகு புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரி ஒருவர் தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பெரியவர் கையை வேட்டி மடிப்புக்குள் வைத்திருந்தார். மாமா கேட்காமலே தன் கையை நீட்டிக் காட்டினார். பெரியவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் கையையும் வெளியே எடுத்தார். இரண்டு கைகளும் எதிரெதிரே ஆடின. எந்த ஆஸ்பத்திரி, என்றைக்குப் போனால் டாக்டர் இருப்பார், சாப்பாட்டுக்கு எவ்வளவு முன்னால் மாத்திரை போட வேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்தார். அவர்கள் மசாஜ் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் போகும்போது பெரியவர் கையை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

எட்டு மணிக்குச் சென்னைக்காரர் ஒருத்தர் வந்தார். மாமாவின் கையைப் பார்த்து முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு, ஒரு ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினார்.

"வச்சுக்கோங்க பெரியவரே. மசாஜெல்லாம் வேணாம்."

மாமா தாளைத் தொடவில்லை. "படுக்காம குடுத்தா வாங்க மாட்டேன். ஒண்ணு படுங்க, இல்லன்னா அந்தால போயி அருவியில குளிங்க."

சென்னைக்காரர் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படுத்தார். மாமா பிடரியில் கையை வைத்தார். பத்து எண்ணும் நேரம் நின்றார்.

"கார்ல தலையச் சாச்சுத் தூங்கிட்டே வந்தியளா?"

"ஆமாங்க."

"வலது பக்க ஜன்னலு."

கால் மணி நேரத்தில் அவர் குறட்டை விட ஆரம்பித்தார். அருவிச் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது அந்தக் குறட்டை. எத்தனை ஃபிளெக்ஸ் கட்டினாலும் அந்த மாதிரி விளம்பரம் வராது. குளித்துவிட்டு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். ஒருத்தர் சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்றார். அவருக்குப் பின்னால் இன்னும் இருவர் வந்து நின்றார்கள்.

ஒன்பது மணிக்கு மணிமுத்து தன் காலி பெஞ்சைத் தட்டிக்கொண்டு கத்தினார். "அண்ணாச்சி பெஞ்சுல நேரமாவும் சார், மூணு பேரு நிக்காவ! இங்கன வாங்க, இங்கன வாங்க! சொடக்கு இங்கன மட்டும்தான்!"

மாமா நிமிர்ந்தே பார்க்கவில்லை. சென்னைக்காரரின் இடது தோளில் ஒரு முடிச்சு இருந்தது. அதைப் பெருவிரலால் பைய அவிழ்த்துக்கொண்டிருந்தார்.